நடுக்கடலில் வயிறு மக்கர் செய்தால்: முதலில் ஆளை எண்ணு, மணியைப் பார்

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கப்பல்களிலிருந்து வருகிற கேள்விகளில் வயிற்றுக் கேள்விக்குத்தான் ஓய்வே கிடையாது. 2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் கப்பல்கள் கூடிவிட்டன. பல கப்பல்கள் எண்ணெயும் காய்கறியும் ஏற்ற இங்கே வெளியில் நங்கூரம் போடுகின்றன. தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பையன்கள் இல்லாத கப்பல் குறைவு. "அண்ணாச்சி, வயிறு சரியில்ல, என்ன மாத்திர போடலாம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். முன்பு செகண்ட் மேட்டாக (கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியாக) இருந்து கப்பல் ஆஸ்பத்திரிச் சாவியை வைத்திருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதால், அதை அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன்.

மாத்திரைப் பெயரைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எத்தனை பேருக்கு? கடைசியாகச் சாப்பிட்டதற்கும் தொல்லை தொடங்கியதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம்? மூன்றாவது, கேட்டால் சிரிப்பார்கள்: அடியில் என்ன சரக்கு, போன மாதம் எந்தத் துறைமுகம்? கப்பலில் வயிற்றைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட இந்த மூன்று பதிலால் கண்டுபிடிப்பதுதான் அதிகம்.

எந்த அறிகுறியானாலும் நான்கு எண்களைத் தாளில் எழுதுங்கள்: காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம். நான்கு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி எழுதுங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணை விட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் டாக்டருக்கு வேண்டும்.

அறிகுறி 1: ஒரே நாளில் பலருக்கு வாந்தி, பேதி

எளிய காரணத்திலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த ஒன்றில் மட்டும் தலைகீழாகப் போக வேண்டும், ஏனென்றால் இதில் தாமதித்தால் ஆள் போய்விடுவார்.

*அடியில் அரிசி, கோதுமை, சோளம், மரம் ஏதாவது இருக்கிறதா?*

தானியத்தில் பூச்சி விழாமலிருக்க அலுமினியம் பாஸ்பைடு வைத்து ஹேட்ச்சை (சரக்கறை வாயை) மூடி அனுப்புவார்கள். அது ஈரக்காற்றில் பாஸ்பீன் வாயுவாகிறது. காக்கிநாடாவில் அரிசி ஏற்றி ஆப்பிரிக்கா போகிற கப்பல்களில் இது அன்றாட விஷயம். குழாய் வழியாகவோ, கேபிள் துளை வழியாகவோ, துருப்பிடித்த தடுப்புச் சுவர் வழியாகவோ அந்த வாயு கேபினுக்குள் கசிந்தால் வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி, நெஞ்சு இறுக்கம் எல்லாம் வரும். "நேற்றைய சிக்கன் சரியில்ல" என்று நினைத்து ஆட்களைக் கேபினிலேயே படுக்க வைப்பார்கள். வாயு இருக்கிற இடத்தில் படுக்க வைத்தால் என்ன ஆகும்?

பார்க்க வேண்டியவை:
- நோயாளிகள் எல்லோரும் ஒரே தளம், ஒரே பக்கத்துக் கேபின்காரர்களா? அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்களா?
- காய்ச்சல் இல்லாமல் தலைவலியும் மூச்சுத் திணறலும் இருக்கிறதா?
- கேபின்களில், இன்ஜின் அறையில் பாஸ்பீன் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை இருக்கலாம். வாடை வரவில்லை என்பதால் வாயு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சந்தேகம் வந்தவுடனே எல்லோரையும் காற்று வருகிற பக்கத்துத் திறந்த தளத்துக்குக் கொண்டு வாருங்கள். கரையிலிருந்து போனில் வைத்தியம் சொல்கிற ரேடியோ டாக்டரைக் கேப்டன் கூப்பிட வேண்டியது அதே நிமிடத்தில். இதற்கு மாற்று மருந்து எந்தக் கப்பல் பெட்டியிலும் கிடையாது.

*வாயு இல்லை என்று உறுதியானால், கடிகாரத்தைப் பாருங்கள்.*

சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தூக்கியடித்தால் குற்றவாளி பெரும்பாலும் சோறு, அல்லது வெட்டுக்காயம் பட்ட கையால் தொட்ட உணவு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இந்தியக் கப்பல்களின் வழக்கம். மதியம் வடித்த சோறு அண்டாவிலேயே இருந்து, நைட் வாட்ச்காரர்களுக்கு ஃப்ரைட் ரைஸாக மாறும். சோற்றில் வளர்கிற ஒரு பாக்டீரியா விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் சாகாது. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான தட்டில் பரப்பி ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாத சோற்றைக் கடலில் கொட்டிவிடலாம். "பழைய சோறு சாப்பிட்டே வளர்ந்தவங்க அண்ணாச்சி நாங்க" என்பார்கள். மண்பானையில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோறு வேறு, அண்டாவில் வெறுமனே வெதுவெதுப்பாக இருந்த சோறு வேறு.

எட்டு முதல் பதினாறு மணி கழித்து, வாந்தி குறைவாக, வயிறு முறுக்கிப் பேதி போனால் பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறிய இறைச்சிக் குழம்பைச் சந்தேகியுங்கள். காய்ச்சலும் சேர்ந்து ஒருநாள், இரண்டு நாள் கழித்துத் தொடங்கினால் வேகாத கோழி, அல்லது கோழி வெட்டிய பலகையிலேயே வெட்டிய வெள்ளரிக்காய். குக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி: கோழியை எங்கே உருக வைத்தாய்? "சிங்க்கில், ராத்திரி முழுக்க" என்று பதில் வந்தால் விசாரணை முடிந்தது. உருகுவது குளிர் அறையில் 4 டிகிரியில்தான் நடக்க வேண்டும். இறைச்சி அறை மைனஸ் 18 காட்டுகிறதா என்று பாருங்கள். கப்பலில் பிளாக்அவுட் ஆன ராத்திரி எது என்று இன்ஜினியரைக் கேளுங்கள். அன்று உருகி மறுபடி உறைந்த பெட்டிகள் கீழடுக்கில் இருக்கும்.

*மீன் சாப்பிட்ட பிறகா?*

இந்தப் பகுதிக் கடலுக்கே உரிய கிளை இது. இரண்டு வகை உண்டு.

சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணிக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வந்து, வாயில் மிளகு கடித்ததுபோல் எரிந்து பேதியும் போனால், வெயிலில் கிடந்த சூரையோ அயிலையோ மத்தியோதான் காரணம். மீன் கெட்ட வாடை அடித்திருக்காது. போர்ட் லூயிஸ் சூரை மீன் துறைமுகம்; மீன்பிடிக் கப்பல்காரர்கள் அன்பாக ஒன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள், அது ஐஸில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வாமை மாத்திரைக்கு அடங்கும். ரேடியோ டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு வாங்கினால் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை. அவசர அழைப்புதான்.

இரண்டாவது கொஞ்சம் விபரீதமானது. சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வந்து, பிறகு உதடும் விரல் நுனியும் மரத்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவதுபோல் இருக்கும். பவளப்பாறை மீனில் சேர்கிற நஞ்சு அது. சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. நங்கூரத்தில் நிற்கும்போதும், சாயா த மால்யா, நாசரேத் திட்டுகள் பக்கம் மிதக்கும்போதும் தூண்டில் போட்டுப் பிடிக்கிற பெரிய ஷீலா, அஞ்சாளை, பெரிய களவா, வராவரா என்று இங்கே சொல்லும் சிவப்பு மீன் இவற்றில் இருக்கும். மொரீஷியஸில் நச்சு மீன்களுக்கு என்று தனிப் பட்டியல் வைத்து விற்பனையைத் தடுத்திருக்கிறார்கள். உள்ளூர் மீனவர்கள் தொடாத மீனைக் கப்பல்காரர்கள் குழம்பு வைப்பதை நிறுத்தினாலே போதும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கினால், ஆள் மயங்கினால், நடக்கத் தடுமாறினால் டாக்டர். குணமாகி மாதக்கணக்கு ஆகும்வரை மதுவும் மீனும் கூடாது, தொட்டால் திரும்ப வரும்.

*சாப்பாட்டில் ஒற்றுமையே இல்லை, தினம் இரண்டு மூன்று பேராகப் பரவுகிறது என்றால்*

இரண்டு வழி. ஒன்று, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிற நோரோ வைரஸ். ஒட்டிய 12 முதல் 48 மணிக்குள் வாந்தி வரும். சுவரில் மாட்டியிருக்கிற ஆல்கஹால் ஜெல்லுக்கு இது பெரிதாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. கைப்பிடி, கதவுப்பிடி, கழிவறை ஆகியவற்றை 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. கழிவறை ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். வாந்தி எடுத்தவரைத் தனிக் கேபினில் வையுங்கள். குக்குக்கு வந்திருந்தால், பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் சமையலறைப் பக்கம் வரக் கூடாது. இதில் கேப்டன்கள் பேரம் பேசுவார்கள். "யார் சமைக்கிறது?" என்பார்கள். இரண்டு நாள் முட்டையும் ரொட்டியும் தின்றால் யாரும் சாகமாட்டார்கள்.

மற்றொன்று, தண்ணீர். அதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

அறிகுறி 2: பேதி நிற்கிறது, ஒரு வாரத்தில் வேறு ஆளுக்கு வருகிறது, மறுபடி நிற்கிறது

லேசாக வந்து போய்க்கொண்டே இருந்தால் சமையலறையை விட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள். செலவு குறைந்த சோதனையிலிருந்து:

ஐஸ் மெஷின். யாரும் சந்தேகிக்காத இடம். அதன் கரண்டி எங்கே கிடக்கிறது, உள்ளே வழவழப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

குடிநீர்க் கூலரின் ஃபில்டர். கடைசியாக மாற்றிய தேதி அதன்மேல் எழுதப்படவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயடியில் குளோரின். கிட் இருக்கும், பயன்படுத்துவதில்லை. 0.2 பிபிஎம்முக்குக் குறைந்தால் தண்ணீருக்குக் காவல் இல்லை. அறைகளுக்குப் போகிற கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும், தொட்டிக்குப் பக்கத்தில் அல்ல.

கடைசியாகப் படகிலிருந்து தண்ணீர் ஏற்றிய தேதி. தொல்லை அதற்குப் பிறகு தொடங்கியதா? அந்த ஹோஸ் தளத்தில் மூடி இல்லாமல் கிடந்ததா?

பிறகு வருவது கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் ஜெனரேட்டர். "கொதிக்க வெச்ச தண்ணிதானே" என்று இன்ஜினியர்கள் சொல்வார்கள். அது வெற்றிடத்தில் 80 டிகிரிக்கு வெகு கீழேயே கொதிக்கிறது. கிருமி சாவதற்கு அந்தச் சூட்டை நம்ப முடியாது. துறைமுக முகப்பில், ஆற்று வாயில் ஓட்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குளோரினோ புற ஊதா விளக்கோ இல்லாமல் குடிக்கக் கூடாது. விளக்கு எரிவது மட்டும் போதாது, அதன் ஆயுள் மணிக்கணக்கைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து நிற்கவில்லை என்றால், தொட்டியைக் காலி செய்து 50 பிபிஎம் குளோரினில் குறைந்தது 4 மணி நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அதுவரை குடிக்கவும் பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர். துறைமுகம் வந்ததும் மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். கேப்டன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உணவு, தண்ணீர், சமையலறை மூன்றையும் கேப்டனோ அவர் சொல்கிறவரோ அடிக்கடி சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது என்று நினைவூட்டலாம்.

அறிகுறி 3: ஒருவருக்கு மட்டும் பேதி

உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுங்கள். தீர்ந்துவிட்டதா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர். வாந்தியும் இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாக. கோக், ரெட் புல் வேண்டாம், சர்க்கரை அதிகமாகிப் பேதியைக் கூட்டும். ரசம் சோறு, கஞ்சி, வாழைப்பழம் போகும்.

பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரைக்குத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். காய்ச்சலோ ரத்தமோ சளியோ இருந்தால் அதைத் தொடக் கூடாது. வெளியே போக வேண்டியது உள்ளே தங்கிவிடும். ஆண்டிபயாடிக் ரேடியோ டாக்டர் சொன்னால் மட்டும்.

டாக்டரைக் கூப்பிடும் எல்லை: 24 மணி நேரத்தில் குறையவில்லை, 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ரத்தம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கஞ்சித் தண்ணீர்போல் நிற்காமல் போகிறது. கடைசியது காலராவாக இருக்கலாம். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அறிகுறி 4: நாலு நாளாகப் போகவில்லை

பேதியைச் சொல்லிவிடுவார்கள், இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிச் சீனா போகிற கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் கரையே பார்க்காது. கீரை முதல் வாரத்தோடு போய்விடும். தக்காளி, வெள்ளரி அடுத்தது. பிறகு உருளை, வெங்காயம், முட்டைக்கோஸ்தான்; அதையும் குக் பொரித்தே போடுவார். இன்ஜின் அறையில் 40 டிகிரிக்கு மேல் வேர்த்து ஊற்றும், நன்னீர்த் தண்ணீர் சப்பென்று இருப்பதால் யாரும் குடிக்கமாட்டார்கள், தேநீரும் காபியும்தான் ஓடும். பகலிலும் இரவிலும் 12 முதல் 4 மணி வரை பணி பார்க்கிற 12-4 வாட்ச்காரனுக்குத் தூக்கமே இரண்டாக உடைவதால் குடலுக்கு ஒரு நேரம் என்பதே இல்லை.

முதலில் தண்ணீர். சிறுநீர் வெளிர் மஞ்சளாகும்வரை. பிறகு ஒரு நேரத்தை நிர்ணயித்து, போக வேண்டும்போல் இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் உட்காருங்கள். வாட்ச் முடிந்து சூடாக ஏதாவது குடித்த பின் நல்லது. சாப்பாட்டில் முழுப் பயறு, கொண்டைக்கடலை, ஓட்ஸ். அடுத்து இசப்கோல், ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்காமல் அதைப் போட்டால் இன்னும் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் லாக்டுலோஸ், பிசகோடைல் போன்ற மலமிளக்கிகள். தினமும் பேதி மாத்திரை போட்டுப் பழகியவனுக்கு அது இல்லாமல் வராது.

குக் படித்தால் இதையும் சொல்லிவிடுகிறேன். போர்ட் லூயிஸ் சந்தையில் ப்ரோவிஷன் எடுக்கும்போது முருங்கைக்கீரையை முதல் மூன்று நாளைக்கு மட்டும் வாங்குங்கள். சௌசௌ, முழுப் பரங்கி, கேரட், முட்டைக்கோஸ் குளிர் அறையில் வாரக்கணக்கில் நிற்கும். பீன்ஸும் பட்டாணியும் உறைய வைத்ததாக வாங்கினாலும் நார் போகாது. "ஃப்ரெஷ்" என்று பெருமைப்பட்டுக் கத்தரியை மூட்டை மூட்டையாக ஏற்றி, டர்பன் தாண்டுவதற்குள் பாதியைக் கடலில் போட்ட கப்பல்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறுத்த வேண்டிய இடம்: வயிறு உப்பி, வாந்தியும் இருந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல, குடல் அடைப்பாக இருக்கலாம். வாயில் எதுவும் கொடுக்காமல் டாக்டர்.

அறிகுறி 5: நெஞ்செரிச்சல், மேல்வயிறு எரிச்சல்

ஈனோவும் ஜெலுசிலும் எந்தக் கேபினில் இல்லை? அதைக் கரைத்துக் குடிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஆள் நாற்பதைத் தாண்டியவரா? வேர்க்கிறதா? வலி தாடைக்கோ இடது கைக்கோ போகிறதா? படி ஏறினால் கூடுகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் இது வயிறே இல்லை, இதயம் என்று வைத்துக்கொண்டு உடனே ரேடியோ டாக்டர். "கேஸ்தான்" என்று படுக்கப் போய் எழுந்திருக்காதவர்கள் கடலிலும் உண்டு, கரையிலும் உண்டு.

அது இல்லை என்றால், எதைச் சாப்பிட்டான் என்பதைவிட என்ன மாத்திரை போடுகிறான் என்று கேளுங்கள். முதுகுவலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று ஊரிலிருந்தே அட்டை அட்டையாகக் கொண்டு வருகிறார்கள். வெறும் வயிற்றில் போடுகிறார்கள். அதை நிறுத்தினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். அடுத்து, அதிகாலை நாலு மணிக்கு வாட்ச் முடிந்து இரண்டு பாக்கெட் நூடுல்ஸ் தின்றுவிட்டு நேரே படுக்கிற பழக்கம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் படுங்கள், இடதுபக்கம் சாய்ந்து, தலைப்பக்கம் உயர்த்தி. சிகரெட்டும் கடும் காபியும் காரணமாகலாம். இவை சரியான பிறகும் இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல், டாக்டரிடம் கேட்டு. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் திரும்பி வந்தால் ஊருக்குப் போய் எண்டோஸ்கோபி பார்த்தே ஆக வேண்டும்.

அறிகுறி 6: வலி ஒரே இடத்தில்

*தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது:* குடல்வால். பசி சுத்தமாக இருக்காது, இருமினால் வலிக்கும், வலது பக்கம் மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தால் துடிப்பார். சாப்பாடு, பேதி மருந்து, எனிமா, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். காலை வரை பார்க்கலாம் என்பதும் வேண்டாம். போர்ட் லூயிஸிலிருந்து 500 கடல் மைல் தள்ளியிருந்தால், 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகத்தில் திரும்பி வரவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரத்துக்கு ஹெலிகாப்டர் வராது. எவ்வளவு சீக்கிரம் டாக்டர் கேட்கிறாரோ, அவ்வளவு சீக்கிரம் ஆண்டிபயாடிக் தொடங்கலாம், கப்பலைத் திருப்புவதா என்று முடிவெடுக்கலாம்.

*வலது விலாவுக்குக் கீழே, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு:* பித்தப்பைக் கல். கண் மஞ்சளானாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ அவசரம்.

*இடுப்பிலிருந்து தொடைக்கு, புரண்டு புரண்டு துடிக்கிறார்:* சிறுநீரகக் கல். சிறுநீர்க் குச்சிச் சோதனையில் ரத்தம் காட்டும்.

*இளைஞன், அடிவயிற்று வலி, வாந்தி:* லுங்கியை இறக்கிப் பாருங்கள். பார்க்காமல் விடுகிற இடம் இதுதான், கேடட் (பயிற்சி) பையன்கள் வாயே திறக்கமாட்டார்கள். விதை ஒரு பக்கம் வீங்கி மேலேறி வலித்தால், முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் அது போய்விடும். தொடை இடுக்கில் உள்ளே தள்ள முடியாத கட்டி இருந்தால், சிக்கிய குடலிறக்கம். இரண்டுமே உடனடி அழைப்பு.

அறிகுறி 7: மலத்தில் ரத்தம்

கழுவும்போது மேலாகப் பிரகாசமான சிவப்பு, வலி, முக்கிப் போனது என்றால் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான். அறிகுறி 4க்குப் போங்கள். தார்போல் கறுப்பாக ஒட்டினால், முதலில் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் இரைப்பை ரத்தக்கசிவு. நாடித்துடிப்பு 100க்கு மேல், எழுந்தால் தலைசுற்றல் இருந்தால் கப்பலைத் திருப்பும் பேச்சை டாக்டரிடம் தொடங்குங்கள்.

அறிகுறி 8: கடல் ஆடினால் வாந்தி

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மடகாஸ்கருக்குத் தெற்கே டர்பன் நோக்கிப் போகிறவர்களுக்குத் தெரியும். மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். உலர்ந்த பிஸ்கட், இஞ்சி, தொடுவானத்தைப் பார்த்தபடி வெளிக்காற்று. இரண்டு மூன்று நாளில் பழகும். பழகாமல் தண்ணீரே தங்கவில்லை என்றால், அல்லது கடல் அமைதியான பிறகும் இன்ஜின் அறையில் மட்டும் வாந்தி வந்தால், அது கடல் மயக்கம் இல்லை. புகைக்கசிவைத் தேடுங்கள்.

அறிகுறி 9: காய்ச்சலோடு வயிறு

லாகோஸ், அபிஜான் பக்கம் போய் வந்த கப்பல் என்றால், வாந்தி பேதியோடு வந்தாலும் முதலில் மலேரியா விரைவுச் சோதனை. முதல் சோதனையில் இல்லை என்று வந்தால் மறுநாளும் செய்யுங்கள். மொரீஷியஸை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 1973இல் அறிவித்தது. எனவே எந்தத் துறைமுகங்களுக்குப் போய் வந்தீர்கள் என்பதை இங்கே கரையில் மறைக்காமல் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாமல் போகலாம். ஊரிலிருந்து வந்து கப்பலில் சைன் ஆன் ஆகி (வேலையில் சேர்ந்து) மூன்று வாரத்துக்குள் படிப்படியாக ஏறும் காய்ச்சல், வயிற்று வலி, மலச்சிக்கல் என்றால் டைபாய்டு. அதில் பேதி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டுக்குமே டாக்டர், அன்றே.

அறிகுறி 10: பசியே இல்லை, கால் வீங்குகிறது

சரக்குக் கப்பலில் அரிது. மாதக்கணக்கில் கரை காணாத மீன்பிடிக் கப்பல்களில் வெள்ளைச் சோறும் நூடுல்ஸும் மட்டுமே தின்றால் வரும். பாதம் மரத்து, மாடிப்படியில் மூச்சு வாங்கினால் பெரிபெரி. வைட்டமின் பி1 குறைவு அது, இதயத்தை நிறுத்திவிடும். ஊசி போட்டால் வேகமாகத் தேறுவார்கள், போடாவிட்டால் சாவார்கள். துறைமுகத்துக்கு வந்து சொல்லலாம் என்று வைத்திருக்க வேண்டாம்.

ரேடியோ டாக்டரை எப்படிக் கூப்பிடுவது

கூப்பிடக் காசு இல்லை. அதே 2006 உடன்படிக்கைப்படி இந்த ஆலோசனை எந்த நாட்டுக் கொடிக் கப்பலுக்கும் இரவு பகலும் இலவசம். ரோமில் சிஐஆர்எம் என்ற ரேடியோ மருத்துவ மையம் 1935இலிருந்தே இதைச் செய்கிறது. ரீயூனியனைச் சுற்றிப் போகிறவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் மையம் துலூஸில் இருக்கிறது. இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் போனில் மருத்துவ ஆலோசனைக்கு 32, ஆளை இறக்க வேண்டிய மருத்துவ உதவிக்கு 38. கரையில் இறங்கிய பிறகு மொரீஷியஸில் ஆம்புலன்ஸ் எண் 114.

பேசும்போது இந்த வரிசை: வயது, எப்போது தொடங்கியது, எத்தனை பேர், எண்கள் நான்கும், போட்ட மாத்திரைகள், ஒவ்வாமை, கப்பல் நிற்கும் இடம், அடுத்த துறைமுகத்துக்கு எத்தனை மணி. மருந்துப் பெட்டிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாத மருந்தை டாக்டர் சொல்லி என்ன பயன்? நாக்கையும் தடிப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள், வெட்கப்படாமல் பேதியையும்.

"செலவு என் சம்பளத்தில் பிடிப்பாங்களா?" என்றுதான் பையன்கள் கரை டாக்டரைத் தவிர்க்கிறார்கள். பிடிக்கக் கூடாது. கப்பலில் வந்த நோய்க்கு வைத்தியச் செலவு கப்பல் உரிமையாளருடையது. நாட்டுச் சட்டம் அதற்கு வரம்பு வைத்தாலும் 16 வாரத்துக்குக் குறையாது. முடிகிற துறைமுகங்களில் தாமதமின்றி டாக்டரைப் பார்ப்பதும் உரிமைதான். கேப்டனிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் லூயிஸில் நங்கூரத்தில் நிற்கும்போது கேட்டால் லாஞ்ச் (கரைக்குக் கொண்டுபோகும் படகு) ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும், எண்ணெய் ஏற்றி முடிக்கும் தறுவாயில் சொன்னால் கப்பல் கிளம்பிவிடும். ஏஜென்ட்டுக்கு முந்தின நாளே சொல்லுங்கள். பாஸ்போர்ட்டும், நாலு மணிக்கொருமுறை எழுதிய அந்தத் தாளும் கூடவே வரட்டும்.